ஒன்றரை அடி முன்னால்

நாடக அரங்கில் எல்லோரும் அவளை 'டேப்பு மேடம்' என்பார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் மேடம் கழன்றுவிடும். மேடைப் படம் எடுக்கிற ஒருத்தி கேமராவைவிடப் பத்திரமாக ஐம்பதடி டேப்பை இடுப்பில் மாட்டிக்கொண்டு திரிந்தால் வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

டேப்புக்குக் காரணம் லென்ஸ். லென்ஸுக்குக் காரணம் நாத்தனார்.

நாத்தனார், அதாவது கணவரின் தங்கை, அந்தக் குழுவின் கதாநாயகி. நான்கு வருடங்களுக்கு முன்பு, டேப்பு மேடத்தின் பழைய பெரிய கேமரா 'டப்' என்று சத்தம் போட்டபோது, வசனத்தை நடுவிலேயே நிறுத்திவிட்டு, அரங்கு நிறைய ஆட்கள் இருக்கும்போதே சொன்னாள்: "அண்ணி, நீங்க அடிச்சு முடிங்க, நான் அப்புறமா அழுறேன்."

சத்தமில்லாத கேமரா, இல்லையென்றால் வேறு ஆள் என்று இயக்குநர் தீர்ப்புச் சொன்னார். டேப்பு மேடத்தின் வீட்டில் உள்ளங்கை அளவில் ஒரு ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா இருந்தது. பல்லி உச்சுக்கொட்டுகிற அளவுக்குத்தான் சத்தம். ஆனால் அதன் குட்டி லென்ஸில், கடைசி வரிசையிலிருந்து எடுத்தால் கதாநாயகி கட்டைவிரல் உயரத்துக்கு வருவாள். ஆகவே பழைய கேமராவின் ஒன்றே முக்கால் கிலோ லென்ஸைக் கடைசல்காரரிடம் கொண்டுபோய், ஒரு பித்தளை வளையம் செய்து, இரண்டையும் சேர்த்துவைத்தாள். கேமராவில் லென்ஸ் மாட்டியிருக்கிறது என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். உண்மையில் லென்ஸின் வாலில் கேமரா தொங்கிக்கொண்டிருந்தது.

இந்தச் சம்பந்தத்தில் ஒரு குறை. இந்த வகைக் கேமராவில் கண் வைத்துப் பார்க்கும் ஜன்னல் தனி, லென்ஸ் தனி. சொந்த லென்ஸைத் திருகினால் ஜன்னலில் தெரியும் இரட்டை உருவம் ஒன்றாகும்; அப்போது படம் தெளிவாக விழும். வந்தேறி லென்ஸ் ஜன்னலோடு பேச்சுவார்த்தையே வைத்துக்கொள்ளாது. போதாததற்குத் தன் தடித்த உடம்பால் ஜன்னலின் கீழ்மூலையை மறைத்து, நடிகர்களின் காலை விழுங்கிவிடும். எனவே நாடகத்துக்கு முன்பே தன் இருக்கையிலிருந்து மேடையின் சாக்பீஸ் குறிவரை டேப் பிடித்து, அந்த எண்ணுக்கு லென்ஸைத் திருகிவைக்க வேண்டும். குறிக்கு முன்னே ஒரு சாண், பின்னே ஒரு சாண். அதைத் தாண்டினால் ஆள் புகை.

நடப்பு நாடகத்தில் நாத்தனார் மூன்று முறை புகையானாள்.

எல்லாம் ஒரே காட்சி. இரண்டு கைகளாலும் முகத்தை மூடி நெடுநேரம் விம்முவாள். பிறகு கைகளை விரித்துச் சபையிடம் காட்டி, "பாருங்க, என் கையில ஒண்ணுமே இல்ல" என்பாள். ஊரே கைதட்டும். வாசல் பலகைக்கு அந்தப் படம்தான் வேண்டும் என்று இயக்குநர் ஒற்றைக்காலில் நின்றார். மூன்று படத்திலும் நாத்தனார் ஆவிபோல் இருக்க, குறிக்கு இணையாக நின்ற, வசனமே இல்லாத காவல்காரர் மட்டும் சட்டைப் பொத்தானின் நூல்வரை தெளிவாக இருந்தார். அவர் மூன்று பிரதி கேட்டு வாங்கிக்கொண்டார்.

"எங்க அண்ணிக்கு என்னைத் தெளிவாப் பார்க்கவே பிடிக்காது சார்" என்றாள் நாத்தனார் இயக்குநரிடம். "என் கல்யாணத்துலயே பார்த்தாச்சே."

அது பதினோரு வருடக் கதை. நாத்தனார் கல்யாணத்தை டேப்புதான் படமெடுத்தாள், இதே குட்டிக் கேமராவில். ஜன்னல் தனி, லென்ஸ் தனி என்பதால், லென்ஸின் மூடியைக் கழற்றாவிட்டாலும் ஜன்னலில் எல்லாம் பளிச்சென்று தெரியும். முப்பத்தாறு படமும் கும்மிருட்டு. கல்யாணமே இரண்டு வருடத்துக்கு மேல் தாங்கவில்லை. ஆனாலும் நாத்தனாரின் கோபம் கணவன்மேல் போகவில்லை, மூடியிலேயே நின்றுவிட்டது. வயிற்றெரிச்சலில் வேண்டுமென்றே செய்தாள் என்று சொல்லாத வீடு பாக்கியில்லை. டேப்பும் வாய் மூடியிருந்தவள் இல்லை. ஒருத்திக்குக் கணவரும் மற்றவளுக்கு அண்ணனுமானவர், வானொலியின் சத்தத்தைக் கூட்டிவைத்து நடுநிலை காத்தார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள தெளிவா ஒரு படம்" என்றார் இயக்குநர். "இல்லன்னா அந்த இருக்கையை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்."

அந்த இருக்கை போனால் டேப்புக்குப் பாஸ்போர்ட் படங்கள்தான் மிச்சம். அவள் மூன்று நெகட்டிவையும் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தாள். புகை மூன்றிலும் ஒரே அளவு. கால் தடுமாறுகிறவள் ஒருநாள் முன்னே போவாள், ஒருநாள் பின்னே போவாள். இது தடுமாற்றம் இல்லை, திட்டம். மொட்டைமாடியில் கணவரை வானொலியோடு முப்பதடி தள்ளி நிற்கவைத்து, அரை அடி அரை அடியாக முன்னே நகர்த்திப் படமெடுத்து, புகைக்குப் புகை ஒப்பிட்டாள். கணக்கு வந்தது: ஒன்றரை அடி.

வியாழக்கிழமைக் காட்சிக்கு முன், எல்லோரும் பார்க்க டேப்பை இழுத்து, "முப்பது அடி" என்று உரக்கச் சொன்னாள். லென்ஸை இருபத்தெட்டரைக்குத் திருகினாள்.

பகையைப்போல நம்பகமானது எது? நாத்தனார் பிசகாமல் அங்கேதான் வந்து நின்றாள்.

மறுநாள் காலை, குளியலறையில் மருந்துத் தட்டுக்குள் படம் மேலெழுந்தது. இமைமுடி எண்ணலாம். டேப்பு சிரித்தாள். அப்புறம் விரித்த கைகளைப் பார்த்தாள். கோடுகள். பூதக்கண்ணாடியை எடுத்தாள்.

உள்ளங்கை நிறையப் புருவப் பென்சில் எழுத்து. வலக்கையில் அந்தக் காட்சி வசனங்களின் முதல் சொற்கள், வரிசையாக. ஊரே கைதட்டிய அந்த நீண்ட விம்மல், படித்து முடிக்கிற நேரம். இடக்கையில், கட்டைவிரலுக்குக் கீழே: 'ஒன்றரை அடி முன்னால். டேப்பு.'

வசனம் மறப்பவள் என்று தெரிந்தால் நாத்தனாரின் பிழைப்பு அன்றோடு போகும். பதினோரு வருடத்தில் இப்படி ஒரு சீதனம் டேப்புக்குக் கிடைத்ததில்லை. ஆனால் இடக்கை வரி அவளை உறுத்தியது. தன்னை வெறுப்பதற்குக்கூட அவளுக்கு எழுதிவைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இதைவிட ஓர் அவமானம் உண்டா?

ஈரம் காயாத படத்தோடு ஒப்பனை அறைக்குப் போனாள். நாத்தனார் பார்த்தாள். முகம் மாறவில்லை, நடிகை அல்லவா?

"கொண்டுபோய்க் கொடுங்க. இதுக்குத்தானே காத்துட்டு இருந்தீங்க."

"எத்தனை நாளா?"

"ஒன்றரை வருஷமா. டாக்டர் ஏதோ பேர் சொன்னார். அதையும் மறந்துட்டேன்."

"கையைத் தெளிவா எடுத்துடக் கூடாதுன்னுதான் நகர்ந்து நின்னியா?"

"அதுவும்தான். உங்க பிழைப்பும் கெடட்டுமேன்னுதான். ரெண்டும் ஒரே அடியில முடியுதேன்னு சந்தோஷம்."

"மகராசி! வாயில மட்டும் ஒண்ணும் மறக்கல."

"இரக்கப்பட்டீங்கன்னா அந்தப் பவுடர் டப்பாவாலேயே அடிப்பேன், சொல்லிட்டேன்."

"உன்மேலயா? என் பேரைக் கையில கிறுக்கி வச்சுக்கிட்டு ஊருக்கே காட்டியிருக்க. எனக்கு என் இருக்கை வேணும், அவ்வளவுதான்."

வீட்டுக்கு வந்தாள். நூலளவு தூரிகையை வெளுக்கும் மருந்தில் தொட்டு, படத்தில் நாத்தனாரின் கைகளை எழுத்து எழுத்தாகக் கழுவினாள். வலக்கை சீக்கிரம் முடிந்தது. இடக்கையின் கடைசிச் சொல் லேசில் போகவில்லை. அதற்குள் இரண்டு முறை திட்டினாள். மாலை படம் இயக்குநரிடம் போனது. கையில் ஒன்றுமே இல்லை. அவர் கண் கலங்கி, "உங்க நாத்தனார் மேல இவ்வளவு பாசமா?" என்றார். டேப்புக்கு வாயெல்லாம் கசந்தது.

இருக்கை தங்கியது. அடுத்த காட்சியிலிருந்து அளவு டேப்பின் நுனியைப் பிடிக்க நாத்தனாரே வந்து நின்றாள், குறிமேல். நுனியைக் கண்ணுக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.

"கண்ணுலேர்ந்து அளங்க. படம் எடுக்கறது என் முகத்தை, காலை இல்ல. இத்தனை வருஷத்துல இதுகூடத் தெரியல."

"ஆடாம நில்லு."

"அண்ணி."

"என்ன?"

"மூடியைக் கழட்டிட்டீங்களா?"

அதன்பின் ஒவ்வொரு காட்சிக்கும் அதைக் கேட்டாள். டேப்பு ஒவ்வொரு முறையும் முதலில் அவள் இடக்கையைப் பார்ப்பாள். அங்கே ஒன்றும் எழுதியிருக்காது; இதை மட்டும் அவள் மறப்பதில்லை. அப்புறம் பல்லைக் கடித்துக்கொண்டு, லென்ஸின் முனையை விரலால் தடவிப் பார்ப்பாள்.