குமுளி இறக்கமும் ஓர் எண்ணெய் பிரேக்கும்

மலையிலிருந்து இறங்கும்போது ஒரு வண்டியின் பிரேக் பிடிக்குமா என்பதை, இறங்கிப் பார்க்காமல் எப்படித் தெரிந்துகொள்வது? எனக்கு விடை தெரியாது. மதுரையில் கல்லூரி மாணவிகளுக்கு ரசாயனம் கற்பிப்பவள் இப்படி எழுதுவது அழகல்ல, ஆனாலும் தெரியாது.

யுத்தத்தால் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்து, பஸ்கள் குறைந்துவிட்ட தை மாதம். குமுளியில் இருக்கும் என் தங்கை கமலத்துக்கு எட்டாம் மாதம். கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்து முதல் பிள்ளை. பிரசவத்துக்கு அவளைக் கம்பத்துக்கு அழைத்துவர வேண்டும். அவள் கணவர் தம்முடைய பழைய சிறு லாரியைத் தேனிக்கு அனுப்பியிருந்தார். பத்து நாளைக்கு முன்புதான் அதன் கம்பி பிரேக்கை எடுத்துவிட்டு எண்ணெய் பிரேக் பொருத்தியிருந்தார்கள்.

காலை ஆறரைக்குத் தேனியில் ஏறினேன். கம்பம் இருபத்தைந்து மைல். எட்டேகாலுக்குச் சேர்ந்து காபி குடித்தோம். (இட்லி நன்றாயிருந்தது, காபி இல்லை.) மலையடிவாரத்தில் டிரைவர் முத்தையா ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்தினார். இறங்கிச் சக்கரத்தருகே போனேன். அடுப்பருகே நிற்பதுபோல் அனல்.

"பிரேக்க மிதிக்காமலே ஏன் இப்படிச் சுடுது?" என்றேன்.

"புது பிரேக்குல்ல டீச்சரம்மா, புடிச்சாப்புலதான் இருக்கும். பட்டறையில ஸ்பிரிட்டு கலந்த வெளக்கெண்ணெய ஊத்திவிட்டாக. வண்டிக்கென்ன வயித்துக்கட்டா? அத வடிச்சுட்டு நயம் எஞ்சின் ஆயிலா ஊத்திப்புட்டேன்!"

அவர் சிரித்தார். எண்ணெய் பிரேக்கில் அழுத்தத்தைத் தாங்குபவை ரப்பர் வாஷர்கள். விளக்கெண்ணெய் ரப்பரைக் கெடுக்காது. எஞ்சின் ஆயில் அதை ஊதவைக்கும்; ஊதிய வாஷர் முதலில் பிரேக்கை விடாமல் பிடிக்கவைத்துச் சுடும், பிறகு ஒரேயடியாகக் கைவிடும். இது படித்ததுதான், பார்த்ததில்லை. ஏறிய நாலு மைலும், ஒவ்வொரு வளைவையும் நாளைய இறக்கமாகவே பார்த்துக்கொண்டு வந்தேன்.

பத்தரைக்குக் குமுளி. முத்தையாவிடம் மீதமிருந்த இரண்டு வாஷர்களை வாங்கி, ஒன்றை விளக்கெண்ணெய் டம்ளரிலும் மற்றதை எஞ்சின் ஆயில் டம்ளரிலும் போட்டு அடுப்பருகே வைத்தேன்.

"சின்னம்மா, இங்கன வந்து பாருங்க! டீச்சரம்மா வாஷருக்குச் சமைச்சுப் போடுறாக!" என்று கமலத்தைக் கூப்பிட்டார் முத்தையா.

மாலையில் நூலால் அளந்தேன். எஞ்சின் ஆயிலில் கிடந்தது சற்றே பெருத்திருந்தது. வாஷர்தான் பெருத்ததா, என் பயம் பெருக்கிக் காட்டியதா என்று நிச்சயமில்லை. ஆனாலும் மாட்டுவண்டிக்குச் சொல்லியனுப்பினேன்.

கமலம் அழுதேவிட்டாள். "அந்தக் குலுக்கல்ல புள்ளைக்கு எதாச்சும் ஆனா என்ன பண்ணுவ? லாரியில மலையெறங்க அர மணி நேரம்தான் அக்கா!"

அவள் சொன்னதும் நியாயம்தான். இரண்டு பயங்களில் ஒன்றைத் தேர்ந்தேன், அவ்வளவே.

இவ்வழி வர நினைப்பவர்களுக்கு: எண்ணெய் பிரேக் நல்லதுதான், ஆனால் உள்ளே என்ன ஊற்றியிருக்கிறது என்று வாய்விட்டுக் கேளுங்கள். மிதிக்காமலே சக்கரம் சுட்டால் மலையேறாதீர்கள். இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்து உருளவிடுவது இங்கே வழக்கம். அதற்குச் சம்மதிக்காதீர்கள்.

மறுநாள் நடந்தது இது. காலை ஏழு மணிக்கு, வேகம் தணிய, பின்னால் மரக்கட்டையை இழுத்துவரக் கட்டிய மாட்டுவண்டியில் கமலமும் நானும் இறங்கினோம். அவள் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். "நான் முன்ன போயி உங்களுக்குக் காபி சொல்லி வைக்கிறேன்" என்று கேலியாகச் சொல்லிவிட்டு, முத்தையா எஞ்சினை அணைத்து லாரியை உருளவிட்டார். நான் கத்தியது அவருக்குக் கேட்கவில்லை.

மூன்றாவது வளைவில் லாரி மலைப்பக்கத்து மண்சரிவில் மூக்கைப் புதைத்து நின்றது. வரும்போது நான் உட்கார்ந்திருந்த, இன்று கமலம் உட்கார்ந்திருக்கவேண்டிய பக்கத்துக் கதவு உள்ளே நசுங்கியிருந்தது. முத்தையா இடதுகையைப் பிடித்துக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார்.

"மிதிச்சேம்மா. அடிப்பலகை வரைக்கும் போயிருச்சு" என்றார். பிறகு, "மலைப்பக்கமாத் திருப்பிட்டேன்" என்றார்.

கமலம் வைக்கோலில் நகர்ந்து அவருக்கு இடம்விட்டாள். ஒன்பதே முக்காலுக்கு அடிவாரம் சேர்ந்தோம்.