காப்புக் கட்டிய கை

சூப்பர்வைசர் கத்தரியை மேசைமேல் வைத்தார். செல்போன் பாகம் செய்யும் எங்கள் லைனில் கையில் கயிறு கூடாது. ஆடித் திருவிழாவுக்கு நேற்றுக் கட்டிய காப்பு இது. கூழ் ஊற்றி முடியும்வரை அவிழ்க்கக் கூடாது. மணிக்கட்டிலிருந்து ஈர மஞ்சள் வாசனை எழுந்தது.

ஆடி மாதம் அம்மாவின் கையிலும் இதே வாசனைதான். அம்மா வாலாஜாபாத் ரோட்டில் செருப்புக் கம்பெனியில் வேலை செய்தாள். லீவு நாளில் நான் மதியச் சோறு கொண்டுபோவேன். தோலும் பசையும் நாறும் அந்த கேட்டில் ஒருநாள் மேஸ்திரி அவளை மறித்தார்.

"கயிறு மெஷின்ல மாட்டிக்கும்மா. அத்த வெட்டிட்டு உள்ள போ."

நீட்டிய கத்தரியை அம்மா வாங்கவில்லை. கையை நீட்டினாள்.

"நானா கட்டிக்கல, அம்மன் கோயில்ல கட்டுனது. வேணும்னா நீயே வெட்டு சார்."

மேஸ்திரி எங்கள் ஊர்க்காரர். வருஷா வருஷம் அதே கோயிலில் கூழுக்குச் சொம்போடு நிற்பவர். திறந்த கத்தரி திறந்தபடியே நின்றது. கடைசியில் கயிற்றின்மேல் டேப்பைச் சுற்றிவிட்டு, "போ, போ" என்றார்.

இந்த சூப்பர்வைசருக்கு எங்கள் அம்மனைத் தெரியாது. பயமும் கிடையாது.

"டேப் சுத்தி கிளவுஸ் போட்டுக்கிறேன் சார்."

"அதெல்லாம் முடியாது. வெட்டு, இல்லன்னா வூட்டுக்குப் போ."

கத்தரியை அவர் பக்கம் தள்ளினேன். காப்புக் கட்டிய கையை மேசைமேல் வைத்தேன்.

"அப்ப நீங்களே வெட்டுங்க சார்."

உள்ளே லைன் ஓடத் தொடங்கியது. நான் கையை எடுக்கவில்லை.