பாதிச் சரிவு

மழை விட்ட முதல் வாரமே, கண்டிப் பக்கம் வத்தேகமவுக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்துத் துரையின் பங்களாவுக்கு வெள்ளைக்கார விருந்தாளிகள் வந்துவிடுவார்கள். மலைச்சரிவில் காய்ந்த மானாப்புல்லின் மேல் பலகையில் உட்கார்ந்து சறுக்குவது அவர்களுக்கு விளையாட்டு. மழை அரித்து வெளியே தள்ளிய கற்களைப் பொறுக்கி, சரிவைப் பார்த்துச் சொல்வது என் வேலை.

அந்த வருடம் துரை எல்லார் முன்னாலும் என்னைத் திட்டினார். அந்தக் கோபத்தில் பாதிச் சரிவை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவந்து, "எல்லாம் சரிங்க தொரை" என்றேன். எந்த வெள்ளைக்காரன் விழுந்தால் எனக்கென்ன?

ஆனால் புல் சரியாகக் காயவில்லையோ என்று துரைக்குச் சந்தேகம். முதலில் சறுக்கிக் காட்டும்படி தொழிலாளர் லயத்தில் என் பக்கத்து வீட்டு ராமையாவைப் பலகையில் உட்காரவைத்தார்.

"நீ பாத்த எடந்தானேடா? கண்ண மூடிக்கிட்டே போவேன்" என்று ராமையா சிரித்தான்.

உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும். பலகை வேகமெடுத்த பிறகுதான், "குதிடா! கீழ கல்லு கெடக்கும்!" என்று கத்தினேன்.

அவன் குதித்தான். பலகை ஒரு கல்லில் மோதிப் பிளந்தது. அவன் கை ஒடிந்தது.

துரை என்னை நோக்கி ஓடிவந்தார். ராமையா முந்திக்கொண்டான்: "கல்லு இப்பத்தான் மேலருந்து உருண்டுச்சுங்க தொரை. நானே பாத்தேன்."

அவனைத் தூக்கிக்கொண்டு போகும்போது, "ஏண்டா பொய் சொன்னே?" என்று அவன் மேலேயே எரிந்து விழுந்தேன்.

"ஒன் வேலையும் போனா எனக்கு யாருடா கஞ்சி ஊத்துவா?" என்றான்.

அவன் கை கடைசிவரை நேராகவில்லை. ஊரில் யாரோடும் சண்டைக்கு நிற்க எனக்கு வாய் உண்டு. அன்று பலகை நகரும் முன் ஒரு வார்த்தை சொல்ல அது திறக்கவில்லை.