புகைபோக்கி இல்லாத கோப்பை

பெரில் ஸ்டானிஃபோர்த் ஹாலோகேட் மருத்துவமனையில் முப்பத்தோரு வருடம் தரை துடைத்தாள். ஷெஃபீல்டில் அதைவிடச் சுலபமான வேலைகள் இருந்தன. கத்தித் தொழிற்சாலையில் பெட்டி கட்டும் பிரிவில் அவளுடைய நாத்தனார் இடம் பிடித்தே வைத்திருந்தாள். பெரில் போகவில்லை. ஏன் என்று நாத்தனார் ஒரு தடவை கேட்டாள், பிறகு விட்டுவிட்டாள். எங்கள் ஊரில் எதையும் இரண்டாம் தடவை கேட்பது மரியாதையில்லை.

நான் அதே மருத்துவமனையின் பதிவேட்டு அறையில் எழுத்தர். காலை ஏழு மணிக்குப் பெரில் வாளியோடு வருவாள். காலைத் தூக்கு என்பாள், தூக்குவேன். பதினோரு மணிக்கு இருவரும் டீ குடிப்போம். இப்படிப் பன்னிரண்டு வருடம் குடித்த பிறகு ஒரு நாள், பிஸ்கட்டை நனைத்துக்கொண்டே சொன்னாள். 1962 ஜனவரியில், மேல்மாடிப் பிரசவ வார்டில், அவளுக்கு ஒரு பெண் குழந்தை இறந்து பிறந்ததாம். தாதி அதைத் துவாலையில் சுற்றி எடுத்துப் போனாளாம். முகத்தைப் பார்க்காமல் இருப்பதுதான் தாய்க்கு நல்லது என்றார்களாம். கணவன் கிளிஃப் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நின்றிருக்கிறான். மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், வீட்டுக்குப் போங்கள் என்று ஒரு சிப்பந்தி சொல்ல, கிளிஃப் அவனுக்கு நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறான். எங்கே கொண்டுபோனார்கள் என்று அவர்கள் சொல்லவில்லை, இவர்கள் கேட்கவில்லை.

"கொதிகலன் அறையிலதான் எரிச்சிருப்பாங்க. பழைய கட்டுத்துணியெல்லாம் அங்கதானே போகுது" என்றாள் பெரில். "அந்தப் புகைபோக்கி வழியாத்தான் போயிருப்பா. யாராச்சும் ஒருத்தர் பக்கத்துல இருக்கணும்ல. அதான் இங்க வேலைக்கு வந்தேன்."

அழவில்லை. பிஸ்கட் உடைந்து டீக்குள் விழுந்தது, கரண்டியால் எடுத்துப் போட்டாள். இன்னொரு கப் ஊற்றட்டுமா என்று கேட்டேன். ஊற்று என்றாள். என் வாழ்க்கையில் நான் வெட்கப்படும் காரியங்களில் அந்த ஒரு கப் டீயும் சேர்த்தி. நான் பதிவேட்டு எழுத்தர். என் நாற்காலிக்கு நேர்கீழே நிலவறை முழுக்க இந்த மருத்துவமனையின் பழைய காகிதங்கள். ஒரு நாள் இறங்கிப் பார்ப்போம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பள்ளத்தாக்கின் எதிர்ச்சரிவில் அவள் வீடு. சமையலறை ஜன்னலைத் திறந்தால் அந்தப் புகைபோக்கிதான். தெருவே அதன் கரியைத் திட்டித் தீர்க்கும், அவள் மட்டும் வாய் திறக்க மாட்டாள். நல்ல வெயில் நாளில்கூடத் துணியை வெளியே காயப்போட மாட்டாள். சோம்பேறி என்றார்கள் பக்கத்து வீட்டுக்காரிகள். விரிப்பில் படிந்த கரியை உதறித் தட்ட அவளுக்குக் கை வராது என்பது எனக்கு மட்டும் தெரியும். புகைபோக்கியை இடித்து இத்தனை வருடம் ஆகியும் இன்றும் உள்ளேதான் காயப்போடுகிறாள். பழகிவிட்டது.

ஹாலோகேட் முதலில் ஏழைகள் விடுதியாக இருந்தது. கல் உடைத்தால் கஞ்சி கிடைக்கும், உடைக்க முடியாதவர்கள் படுத்துச் சாகலாம். பிறகு கட்டில்களைப் போட்டு மருத்துவமனை என்று பெயர் மாற்றினார்கள். ஆனாலும் ஊரில் கிழங்கட்டைகள் அந்த வாசலைக் கண்டால் ஆம்புலன்சை விட்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். பிறகு ஒவ்வொரு வார்டாகப் பூட்டினார்கள். முதலில் குழந்தைகள், அப்புறம் பிரசவம், அப்புறம் எலும்பு. வார்டு பூட்டப் பூட்டப் பெரிலுக்குத் துடைக்கத் தரை குறைந்தது. பூட்டின வார்டையும் துடைத்துக்கொண்டிருந்தாள் என்று மேற்பார்வையாளர் ஒரு தடவை கண்டித்தார். 1993 மார்ச்சில் கடைசி நோயாளிகள் பதினோரு பேரும் மலைமேலிருக்கும் புது மருத்துவமனைக்குப் போனார்கள். இங்கே அடுக்குமாடி வீடுகள் வரப்போகின்றன என்றார்கள்.

வழியனுப்பு விழாவில் கேக்கும் ஷெர்ரி ஒயினும் கொடுத்தார்கள். நிர்வாகி ஒருவர், எங்களை அன்றுதான் முதன்முதலில் பார்க்கிறவர், நம் குடும்பம் என்று எட்டுத் தடவை சொன்னார். ஆளுக்கொரு கோப்பை பரிசு. அதன்மேல் நீல மையில் மருத்துவமனையின் படம். பெரில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"புகைபோக்கிய விட்டுட்டாங்க" என்றாள்.

படம் வரைந்தவனுக்கு அது அசிங்கமாகப் பட்டிருக்கும். மணிக்கூண்டு இருந்தது, இல்லாத ரோஜாச் செடிகள்கூட இருந்தன. பெரில் கோப்பையைக் கைப்பைக்குள் வைத்து மூடினாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்: "கீழ இருக்குற காகிதத்துல எங்கயாச்சும் எழுதியிருக்குமா, தெல்மா?"

முப்பத்தோரு வருடத்தில் அவள் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

வெள்ளிக்கிழமை லாரி வந்து எல்லாவற்றையும் கூழாக்க அள்ளிப் போவதாக இருந்தது. மூன்று நாள் நிலவறையில் தும்மிக்கொண்டே தேடினேன். பிணவறைப் பதிவேடு நிலக்கரி ரசீதுகளுக்குப் பின்னால் கிடந்தது. ஜனவரி 1962. ஸ்டானிஃபோர்த், பெண் சிசு. எதிரே: வார்டலுடன்.

மேல் வரியிலேயே வார்டல் இருந்தார். எஸ்ரா வார்டல், வயது எழுபத்தேழு, சாணை பிடிக்கும் தொழிலாளி, உறவினர் இல்லை. அப்போதுதான் புரிந்தது. இறந்து பிறந்த குழந்தைகளுக்குத் தனிப் பெட்டி கிடையாது. அந்த வாரம் யாரைப் புதைக்கிறார்களோ அவர்களுடைய பெட்டியில், காலடியில் வைத்து மூடிவிடுவார்கள். எரிக்கவே இல்லை. நகரசபைக் கல்லறைத் தோட்டத்தில், கல் இல்லாத பொதுக்குழியில், வரைபடத்தில் ஓர் எண்ணாக இருந்தாள். பெரில் வேலைக்கு வரும் பேருந்து அந்தத் தோட்டத்தின் மதிலை ஒட்டித்தான் திரும்பும். தினம் இரண்டு தடவை. அவள் எப்போதும் எதிர்ப் பக்க ஜன்னலில் உட்காருவாள், புகைபோக்கி அந்தப் பக்கம்தான் தெரியும்.

அவள் சமையலறைக்குப் போய்ச் சொன்னேன். கிளிஃப் இறந்து நாலு வருடம் ஆகியிருந்தது, அவனுக்குச் சொல்ல வழியில்லை. பெரில் பாத்திரம் துடைக்கும் துணியை நாலாக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். நான் அழுதேன். அவள் அழவில்லை.

"எப்படிப்பட்ட ஆளு அவரு?" என்றாள்.

நோயாளியின் குறிப்பேட்டை வெளியாளுக்குக் காட்டினால் வேலை போய்விடும். போவதற்கு எனக்கு வேலையே இல்லை. வியாழக்கிழமை வார்டலின் குறிப்பேட்டை முட்டைகோசுக்கு அடியில் வைத்துச் சந்தைப் பையில் தூக்கி வந்தேன். பேருந்தில் படித்துப் பார்த்தேன். நல்ல மனிதர், அமைதியானவர், குழந்தைகள் என்றால் உயிர் என்று பொய் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். அப்புறம், இவளுக்கு இதுவரை சொல்லாமல் விட்டது போதும் என்று பட்டது.

மறுநாள் காலை பேருந்திலிருந்து மதில் பக்கம் இறங்கினோம். தோட்டக்காரர் வரைபடத்தைப் பார்த்துக் காலடி எண்ணி ஓர் இடத்தைக் காட்டிவிட்டுப் போனார். வெறும் புல். பெரில் புதுக் கையுறை போட்டிருந்தாள். நான் தாதிகளின் குறிப்பை வாசித்தேன். நுரையீரல் முழுக்கக் கல்தூசி. யாரும் பார்க்க வரவில்லை. சத்தம் போடுகிறார். கெட்ட வார்த்தை பேசுகிறார். கஞ்சி ஆறிவிட்டதென்று தட்டை எறிந்தார், சூடாகக் கொடுக்கப்பட்டது. இன்னொரு போர்வை கேட்டுக் கத்தினார், கொடுக்கப்பட்டது. ஜன்னல் பக்கக் கட்டில் வேண்டுமென்று இரண்டு நாள் கத்தினார், மாற்றப்பட்டது.

"போர்வை வரிய மறுபடி படி" என்றாள்.

படித்தேன்.

"கத்தினாரு, குடுத்துட்டாங்க" என்றாள். புல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை, காலைத் தூக்கு என்று சொல்லும் அதே குரல். "அவளக் காட்டுங்கன்னு நானும் கத்தியிருந்தா குடுத்திருப்பாங்களா, தெல்மா?"

குறிப்பேட்டை மூடிப் பைக்குள் வைத்தேன். எங்கள் பேருந்து மதிலை ஒட்டித் திரும்பிப் போனது. ஊற்றிக் கொடுக்க அங்கே டீயும் இல்லை.