பன்னிரண்டாவது ஷெட்

பேய் ராத்திரியில்தான் வரும் என்று நம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டு என்னைப் பொய்யன் என்று சொல்லலாம். சொல்லட்டும். எனக்கு இது நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, 1962 மே மாதம், மண்டையைப் பிளக்கும் உச்சி வெயிலில். ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லவில்லை.

அப்போது நான் திருச்சி வட்டாரத் தொழில் வளர்ச்சிக்கான ஒரு சர்க்கார் ஆபீஸில் கணக்கர். வீடு ஸ்ரீரங்கம். ஆபீஸ் அரியமங்கலத்தில், பட்டறைகளுக்கு நடுவே. வாடகைக் கடைகளில் அல்லாடும் சிறு பட்டறைக்காரர்களுக்காக ஒரே நீளக் கூரையின் கீழ் பன்னிரண்டு ஷெட் கட்டுவதாகத் திட்டம். அடுத்த ஐந்து வருஷத்துக்கு என்ன வரும், என்ன போகும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு மெட்ராஸுக்கு அனுப்புவது என் வேலை.

கணக்கு எளிதுதான், சொல்கிறேன். வட்டி, ரிப்பேர், வாட்ச்மேன் சம்பளம் எல்லாம் சேர்த்துச் சராசரி பார்த்தால், மாசம் 521 ரூபாய் வாடகையாக வந்தாக வேண்டும். ஆனால் ஒரு ஷெட்டுக்கு வாடகை 45 ரூபாயைத் தாண்டக் கூடாது. தாண்டினால் திட்டம் ரத்து. இதில் ஆள் குறைந்தால் செலவு குறையாது, ஏனென்றால் கூரை ஒன்றுதான். ஒரு ஷெட் காலியாகக் கிடந்தால் அதன் பாரமும் மற்றவர்கள் தலையில் விழும். பன்னிரண்டு பேர் வந்தால் ஆளுக்கு 43 ரூபாய் சொச்சம். பதினோரு பேர்தான் என்றால் 47 சொச்சம். ஒரே ஒரு ஆளில் எல்லாம் தொங்கியது.

பதினோரு பேர் சம்மதக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். எங்களை நம்பிப் பழைய கடைகளைக் காலி செய்வதாகக் கடைச் சொந்தக்காரர்களிடமும் சொல்லிவிட்டார்கள். பன்னிரண்டாவது ஆள் மருதை. பாலக்கரைப் பக்கம் இரும்பு கடைசல் பிடிக்கும் லேத் பட்டறை வைத்திருந்தவர்.

வெள்ளிக்கிழமை ஆபீஸுக்கு வந்தார். கையெழுத்துப் போடச் சொன்னால், அவர் கண் முழுக்க அதிகாரியின் அறையிலிருந்த கணக்கு மிஷின் மேல்தான். கரண்ட் வேண்டாம், கையால் சுற்றுகிற மிஷின்.

"இது எங்க லேத்துக்குத் தம்பி மாதிரி இருக்கே! எப்படிங்க சார் வகுக்கும்?"

யாராவது இப்படிக் கேட்டால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். வகுத்தல் என்பது திரும்பத் திரும்பக் கழிப்பதுதான். கைப்பிடியைப் பின்பக்கமாக ஒரு சுற்று சுற்றினால் ஒரு தரம் கழியும். கழித்துக்கொண்டே போக வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டால் உள்ளே மணி அடிக்கும். ஒரு சுற்று அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். உடனே முன்பக்கமாக ஒரு சுற்று. திரும்பவும் மணி. இப்போது சரியாகிவிட்டது. மேல்தட்டை ஒரு இடம் நகர்த்தி அடுத்த இலக்கத்துக்குப் போகலாம். மணிக்கு முன்னால் எத்தனை சுற்றோ, அதுதான் விடையில் ஓர் இலக்கம்.

"காசு தீர்ந்துடுச்சுன்னு உங்களுக்கு மணி அடிச்சாத்தான் தெரியுமா? எங்க வீட்ல மணி அடிக்காமலே தெரியும்" என்று சிரித்தார். 521ஐப் பன்னிரண்டால் தானே வகுத்துப் பார்த்தார். மேல்தட்டை நகர்த்தும்போதெல்லாம் குனிந்து, "ஃபூ" என்று ஊதினார். லேத்தில் இரும்புத் துருவலை ஊதித் தள்ளுகிற பழக்கம்.

"ஊதாதீங்க. இதுல தூள் ஒண்ணும் விழாது."

"கை மிசின்ல இருந்தா வாய் தானா ஊதுதுங்க. வீட்ல ஒரு வார்த்தை சொல்லிட்டு நாளைக்குச் சாயங்காலம் வந்து கையெழுத்துப் போட்டுடறேன். பன்னண்டுன்னே போடுங்க சார்."

சனிக்கிழமை சாயங்காலம் வரவில்லை. இருட்டும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவேயில்லை.

எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. மெட்ராஸ்காரர்கள் ஏற்கெனவே இரண்டு தரம் கணக்கைத் திருப்பியனுப்பியிருந்தார்கள். ஒரு தரம் ரிப்பேர் செலவை மாசவாரியாகப் பிரிக்கவில்லை என்று. இன்னொரு தரம், பிரித்தது ஏன் என்று! ஞாயிறு இரவு ரயில் தபாலில் போகாவிட்டால் அந்தப் பணம் வேறு ஜில்லாவுக்குப் போய்விடும். அதிகாரியோ மெட்ராஸில். ஒரு கையெழுத்துக்கு வராத மனுஷனால் பதினோரு பேர் தெருவில் நிற்கப் போகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வந்து உட்கார்ந்தேன். வேறு வழியில்லை. பதினொன்றால் வகுத்தேன். 47 ரூபாய் 36 நயா பைசா. எப்படி வகுத்தாலும் அதுதான். மிஷினில் எண்களைத் துடைத்துப் பூஜ்யமாக்கி, உறையைப் போட்டு மூடி, அறையைப் பூட்டினேன். விலை ஜாஸ்தியான மிஷின் என்பதால், அறையை விட்டு வந்தாலே பூட்ட வேண்டும் என்பது அதிகாரி உத்தரவு. சாவி என் சட்டைப் பையில். முன்கூடத்தில் உட்கார்ந்து, திட்டம் கட்டுப்படியாகாது என்று எழுத ஆரம்பித்தேன்.

மணி பன்னிரண்டு தாண்டியிருக்கும்.

கர்ர்... கர்ர்... கர்ர்...

தலை நிமிர்ந்தேன்.

டிங்!

அதிகாரி ஊரிலிருந்து வந்துவிட்டார் என்றுதான் முதலில் தோன்றியது. எழுந்து போனேன். கதவில் பூட்டு தொங்கியது. நான் பூட்டியபடியே. திறந்தேன். அறைக்கு வேறு வாசல் கிடையாது. ஜன்னல் சாத்தியிருந்தது. மிஷின் மேல் உறை போட்டபடியே இருந்தது. தூக்கிப் பார்த்தேன். எல்லா இடத்திலும் பூஜ்யம். கைப்பிடியைத் தொட்டேன். சூடாக இருந்தது. மே மாதம். எதுதான் சூடாக இல்லை?

பக்கத்துப் பட்டறைச் சத்தம் என்று சொல்லிக்கொண்டேன். மறுபடி பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. அன்று ஞாயிறு. ஒரு பட்டறையும் திறக்கவில்லை.

கர்ர்... கர்ர்... கர்ர்... கர்ர்...

இந்தத் தடவை எண்ணினேன். பழக்க தோஷம். நாலு. ஐந்தாவது சுற்றில் மணி அடித்தது. பின்னாலேயே திரும்பி ஒரு சுற்று. மணி. ஆக முதல் இலக்கம் நாலு.

என் விடையும் நாலில்தான் தொடங்கும். அடுத்தது ஏழு வர வேண்டும். காத்திருந்தேன்.

டக். மேல்தட்டு நகர்ந்தது.

கர்ர்... கர்ர்... கர்ர்...

மூன்று. நாலாவது சுற்றில்... டிங்.

நாற்பத்து மூன்று.

யாரோ பன்னிரண்டால் வகுக்கிறார்கள்! பயம் வருவதற்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. எவன் என் கணக்கைத் திருத்துகிறவன்?

அப்போது முன்கூடத்து ஜன்னலுக்கு வெளியே எங்கள் ஆபீஸ் வாட்ச்மேன் வெள்ளைச்சாமி வந்து நின்றார். அவர் முகம் சரியில்லை.

"சார்... நீங்கதான் உள்ள மிசின் சுத்துறீங்கன்னு நெனச்சேன்."

"நான் இங்கதானே இருக்கேன்."

"அதாங்க கேக்கறேன். அப்ப உள்ள யாரு?"

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். சாவி இருந்தது.

டக்.

அதற்குப் பிறகு ஒரு சத்தம். மெதுவாக.

"ஃபூ..."

வெள்ளைச்சாமி ஜன்னலை விட்டு நகர்ந்தார். அவர் ஓடுகிற செருப்புச் சத்தம் கேட்டது.

நான் எழுந்தேன். பூட்டிய கதவுக்கு முன்னால் போய் நின்றேன்.

"மருதை... நீங்களா?"

சத்தம் நின்றது. பாதிச் சுற்றில் நின்றது. பாதிச் சுற்றில் அந்தக் கைப்பிடி நிற்காது. யாராவது பிடித்துக்கொண்டிருந்தால்தான் நிற்கும்.

பிடித்துக்கொண்டிருந்தது.

பிறகு, மறுபடி முதலிலிருந்து. வேகமாக.

கர்ர் கர்ர் கர்ர் கர்ர்... டிங். டிங். டக். ஃபூ. கர்ர் கர்ர் கர்ர்... டிங். டிங்.

கதவு அதிர்ந்தது...

பூட்டு ஆடியது...

"சரி!" என்று கத்தினேன். "பன்னண்டுன்னே போடறேன்!"

நின்றுவிட்டது.

கதவை நான் திறக்கவில்லை. மேஜைக்கு வந்து, எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு, பன்னிரண்டு பேர், 43 ரூபாய் 42 நயா பைசா என்று எழுதினேன். ஒருவர் கையெழுத்து இரண்டொரு நாளில் வரும் என்று ஒரு குறிப்பும் சேர்த்தேன். ஜங்ஷனுக்குப் போய்த் தபாலில் சேர்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அன்று சாப்பிடவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, தலையை மொட்டையடித்துக்கொண்டு ஒருவர் வந்து நின்றார். மருதையின் தம்பி காத்தமுத்து.

"அண்ணன் தவறிடுச்சுங்க. சனிக்கிழமை நாலு மணிக்கு, கையெழுத்துப் போடறதுக்காக இங்கதான் சைக்கிள்ல கிளம்புச்சு. பால்பண்ணைகிட்ட லாரி..." முடிக்க முடியாமல் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு சொன்னார். "அண்ணி கேக்கச் சொல்லுச்சு. லேத்த நான் ஓட்டறேன். அந்த ஷெட்ட வேற யாருக்கும் குடுத்துடாதீங்க. அண்ணனை எண்ணிக்கையிலேர்ந்து விட்டுட்டீங்களா சார்?"

"விடலை" என்றேன்.

சம்மதத் தாளை எடுத்து வைத்தேன். கையெழுத்துப் போட்டார். அதைத் தனித் தபாலில் அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து மெட்ராஸிலிருந்து மறுகேள்வி இல்லாமல் அனுமதி வந்தது. பன்னிரண்டு ஷெட்டும் கட்டினார்கள்.

ஆனால் அன்றைக்குக் காத்தமுத்து உடனே எழுந்து போகவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டுத் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு கேக்கணுங்க. நீங்க படிச்சவரு. மணப்பாறைலேர்ந்து அக்கா வரணும்னு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரைக்கும் அண்ணனை வீட்லதான் கெடத்தியிருந்தோம். குளிப்பாட்டி, புதுவேட்டி கட்டி, எல்லாம் பண்ணியாச்சு. உச்சி நேரத்துல அண்ணி பாக்குது, வலது உள்ளங்கைல எண்ணெய். தொடச்சுது. கொஞ்ச நேரத்துல மறுபடியும் எண்ணெய். மூணு தரம் தொடச்சோங்க."

"லேத் எண்ணெயா இருக்கும். தோல்ல ஊறினது."

"அது எனக்குத் தெரியாதுங்களா சார்? லேத் எண்ணெய் கறுப்பா நாறும். இது தண்ணி மாதிரி. தையல் மிசினுக்கு விடுவாங்களே, அது. எங்க வீட்ல ஏது தையல் மிசின்?"

இதை நான் இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

எங்கள் கணக்கு மிஷினின் கைப்பிடிக்கு விடுவதும் அந்த எண்ணெய்தான். அதை விட்டது நான். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல், மருதை இன்னும் வரவில்லையே என்று வாசலைப் பார்த்துக்கொண்டே விட்டேன்.