எரிந்த வேம்பில் ஒரு வாசக்கால்: அடி அண்ணாமலையிலிருந்து வேங்கிக்கால் மர மில் வரை

இந்தத் தளத்தில் இதுவரை கோயில், மலை, கடற்கரை என்றுதான் எழுதியிருக்கிறேன். இந்த முறை போனது ஒரு மர மில்லுக்கு. சிரிக்காதீர்கள். தீப்பட்ட மரத்தை வைத்துக்கொண்டு, இதை அறுத்து வீட்டுக்குப் பயன்படுத்தலாமா கூடாதா என்று நான்கு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டவள் நான். தேடித் தேடிப் பார்த்தும் உருப்படியாக ஒரு வரி கிடைக்கவில்லை. அதனால் என் அனுபவத்தை நானே எழுதி வைக்கிறேன்.

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலையைத் தாண்டி இரண்டு கிலோமீட்டர் உள்ளே எங்களுக்கு ஆறு சென்ட் மனை இருக்கிறது. பதினொரு வருடத்துக்கு முன்னால் நானும் என் கணவர் முரளியும் சேர்ந்து வாங்கியது. அடுத்த மாதமே அவர் ஓமனுக்குக் கிரேன் ஓட்டப் போனார். இரண்டு வருடம் என்று சொல்லிவிட்டுப் போனவர், இன்னும் அங்கேதான் இருக்கிறார். மனையின் மூலையில் பெரிய வேப்பமரம் ஒன்று இருந்தது. பத்திரம் பதிந்த அன்று அதன் அடியில் உட்கார்ந்துதான் லெமன் சாதப் பொட்டலம் பிரித்தோம். அன்றிலிருந்து போனில் அவர் முதலில் கேட்பது மரத்தைப் பற்றித்தான். "மரம் எப்படி இருக்கு?" என்பார். நான் எப்படி இருக்கிறேன் என்பது அதற்கு அடுத்த கேள்வி.

சித்திரையில் பக்கத்துக் கொல்லைக்காரர் கரும்பு வெட்டி முடித்து, மிஞ்சிய காய்ந்த இலைச் சோகைக்கு நெருப்பு வைத்தார். எல்லோரும் வைப்பதுதான். அன்றைக்குக் காற்று எங்கள் பக்கம் திரும்பிவிட்டது. நான் சென்னையிலிருந்து போய்ப் பார்த்தபோது மரம் நின்றுகொண்டுதான் இருந்தது, ஆனால் கருப்பாக நின்றது. துளிர்க்கும் துளிர்க்கும் என்று இரண்டு மாதம் பார்த்தேன். துளிர்க்கவில்லை. ஆனியில் ஆள் விட்டு மிஷின் ரம்பத்தால் வெட்டிப் போட்டேன்.

முரளியிடம் சொல்லவில்லை. "பூ உதிருது", "நேத்துகூட நிழல்ல உக்காந்துட்டு வந்தேன்" என்று அடித்து விட்டுக்கொண்டிருந்தேன். ஏன் என்று கேட்டால், அவருக்கு இங்கே சொந்தம் என்று இருந்தது நானும் அந்த மரமும்தான். தை மாதம் நாற்பது நாள் லீவில் வருகிறார். அதற்குள் அந்த மரத்திலேயே, மனையில் கட்டப்போகும் வீட்டின் தலைவாசலுக்கு வாசக்கால், அதாவது கதவைத் தாங்கும் நிலை, செய்துவிட வேண்டும். அதைக் காட்டிக்கொண்டே விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்பது என் கணக்கு. வெறுங்கையோடு சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

ஆடி முடியட்டும் என்று காத்திருந்து, ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமையைப் பிடித்தேன். வீட்டு வேலைக்கு மரம் அறுக்க வளர்பிறை வேண்டும் என்று தச்சர் சேகர் சொல்லியிருந்தார். காலண்டரில் வளர்பிறை இருக்கும் நாட்களை எண்ணி, எனக்கு லீவு கிடைத்த கடைசி நாளில் வட்டம் போட்டேன். வளர்பிறையின் கடைசி நாளுக்கு இன்னொரு பெயர் இருக்கிறது என்பது இந்தப் புத்திசாலிக்கு உறைக்கவே இல்லை.

காலை 5.10-க்குக் கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறினேன். டிக்கெட் 180 ரூபாய். இவ்வளவு கூட்டமா என்று யோசித்தபோது, பக்கத்து சீட் அம்மா செருப்பைக் கழற்றிப் பையில் வைத்தபடியே, "பௌர்ணமிக்கு நீங்களும் கிரிவலமா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திருவண்ணாமலையில் மனை வைத்திருக்கிறவள், பௌர்ணமி பார்க்காமல் டிராக்டருக்கு முன்பணம் கொடுத்திருக்கிறேன்.

10.05-க்குப் பஸ் ஊருக்கு வெளியே தற்காலிக நிலையத்தில் நின்றுவிட்டது. ஆட்டோக்காரர் 150 ரூபாய் வாங்கிக்கொண்டு செங்கம் ரோட்டில் ரமணாசிரமத்துக்குக் கொஞ்சம் முன்னால் இறக்கிவிட்டார். அதற்கு மேல் வண்டி விடவில்லை. டிராக்டர்காரர் ஏழுமலைக்குப் போன் போட்டேன்.

"இன்னைக்குப் போய் தேதி குடுத்தீங்களேக்கா. நான் உங்களுக்குத் தெரியும்னு நெனச்சிக்கினேன்" என்றார்.

"ஏழுமலை, எப்படியாவது இன்னைக்கே கொண்டு போயிடணும்."

"நீங்க நடந்து வந்துடுங்க. கட்டைய ஏத்திட்டோம். பாதை பக்கமே போவாம சுத்தி வுட்டுர்றேன்."

நடந்தேன். ஐந்து கிலோமீட்டருக்கு மேல், ஒன்றேகால் மணி நேரம். எல்லோரும் வெறுங்காலோடு நடக்க, நான் செருப்பும் தோள்பையும் அளவு டேப்புமாக அவர்களுக்கு நடுவில் ஓட்டமும் நடையுமாகப் போனேன். வழியில் இரண்டு இடத்தில் மோர் கொடுத்தார்கள். எனக்கு முன்னால் ஒரு தம்பதி போனார்கள். அந்த அம்மா பின்தங்கும்போதெல்லாம் அவர் நின்று, திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை மட்டும் பின்னால் நீட்டினார். அந்த அம்மாவும் பார்க்காமலே பிடித்துக்கொண்டார். அவர்களைத் தாண்டிப் போயிருக்கலாம். போகவில்லை, ரொம்ப தூரம் அவர்கள் பின்னாலேயே நடந்தேன். எனக்குப் பொறாமையாக இருந்தது, அதைச் சொல்ல என்ன வெட்கம்.

12.15-க்கு மனையிலிருந்து டிராக்டர் கிளம்பியது. இரண்டு பெரிய கட்டை, நான்கு கிளைக் கட்டை. மற்ற நாளில் ஒன்பது கிலோமீட்டர்தான். அன்றைக்குக் காஞ்சி ரோட்டைப் பிடித்து, ஊர் ஊராகச் சுற்றி, 23 கிலோமீட்டர். டிராக்டர் மட்கார்டில் உட்கார்ந்து ஒன்றே முக்கால் மணி நேரம் குலுங்கியதில் இடுப்பு கழன்று கையில் வந்துவிடும் போலிருந்தது. டிராக்டர் வாடகை 1,800, சுற்றியதற்கு டீசல் 400 தனி.

மில் வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸைத் தாண்டி, புதிதாக வீடுகள் முளைக்கும் பக்கம் இருக்கிறது. உரிமையாளர் இப்ராஹிம் பாய், ஐம்பது வயதிருக்கும். கட்டையைப் பார்த்ததும் நகத்தால் சுரண்டினார், கரியை விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"கரியோட பெல்ட்டுல ஏத்துனா என் பிளேடு மழுங்கிடும்மா. முதல்ல வாச்சியால செதுக்கி எடுக்கணும். கூலி கொஞ்சம் ஜாஸ்தி ஆவும், பரவால்லையா?"

பரவாயில்லை என்றேன். ஆனால் எனக்காக அங்கே காத்திருந்த தச்சர் சேகருக்குப் பரவாயில்லையாகத் தெரியவில்லை. எரிந்த மரம் என்று அவரிடம் நான் சொல்லியிருக்கவில்லை. இதையும் மறைத்துத்தான் வைத்திருந்தேன், பழக்கதோஷம்.

"தீப்பட்ட மரத்துல ஜன்னல் செய்யலாங்க. வாசக்கால் வெக்க மாட்டாங்க" என்றார்.

"மேலதான் சேகர் எரிஞ்சிருக்கு."

"உள்ள எதுவரைக்கும் போயிருக்குனு யாருக்குத் தெரியும்?"

பாய்தான் நடுவில் வந்தார். "அறுத்துப் பாத்துட்டு சண்டை போடுங்க. மரம் என்ன ஓடியா போவுது?"

கடைசியில் சேகர் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். கருப்பு ஒரு நூல் அளவுகூடத் தெரியக்கூடாது. வாசக்கால் நெடுக சுத்தமான வைரம், அதாவது கெட்டியான நடுமரம், இருந்தால் செய்கிறேன், இல்லையென்றால் என்னை வற்புறுத்தாதீர்கள் என்றார். ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

இரண்டு ஆட்கள் முக்கால் மணி நேரம் செதுக்கினார்கள். 2.50-க்கு முதல் கட்டை பெல்ட்டில் ஏறியது. ரம்பம் உள்ளே போகும்போது வந்த வாசனை புகையுமில்லை, கரியுமில்லை, பச்சை வேம்பு. நான்கு மாதமாக நான் அந்த வாசனையை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. பலகை பிளந்து விழுந்ததும் உள்ளே சிவப்பாக, வரிவரியாக, சுத்தமாக இருந்தது. கையை வைத்துப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. ரம்பச் சூடு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கையை எடுக்க மனசு வரவில்லை.

மேல் பக்கம்தான் தகராறு. அங்கே ஒரு கிளைப் பொந்து வழியாகத் தீ உள்ளே இறங்கியிருந்தது. சேகர் கருப்பு முடியும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, டேப்பை நீட்டினார். ஆறடி நாலு அங்குலம். இன்னொரு கட்டை இன்னும் மோசம், மேல் சட்டத்துக்கும் கீழ்ப்படிக்கும் மட்டும் தேறியது.

"மேலயும் கீழயும் சட்டத்துல சொருகுற கழுந்துக்கு மும்மூணு அங்குலம் உள்ள போயிடும். நிக்கிறதுக்கு அஞ்சடி பத்து அங்குலம்தான் வாசல் கெடைக்கும். ஏழடி கட்டை வேணுங்க" என்றார் சேகர்.

"ஒட்டுப் போட முடியாதா?"

"வாசக்கால்ல ஒட்டா? நான் போட மாட்டேன்."

பாய் தன் மில்லில் நல்ல வேங்கைக் கட்டை இருப்பதாகவும், விலை கம்மி பண்ணித் தருவதாகவும் சொன்னார். நான் எங்கள் வேப்பம்பலகையையே தடவிக்கொண்டிருந்தேன். சேகர், "சார் எவ்ளோ ஒயரங்க?" என்று கேட்டார். உங்கள் ஆள் இந்த வாசலில் நுழைவாரா மாட்டாரா என்பதுதான் கேள்வி.

இதோ இவ்வளவு என்று கையைத் தூக்கினேன். தூக்கிய கை பாதியில் நின்றுவிட்டது. என் தலை அவர் தோளுக்கு வருமா, காதுக்கு வருமா? கடைசியாக வந்து போய் இரண்டே முக்கால் வருடம் ஆகிறது. போனில் அவர் எப்போதும் கழுத்து வரைக்கும்தான் தெரிவார். கையைக் கொஞ்சம் ஏற்றினேன், கொஞ்சம் இறக்கினேன். இத்தனை ஆண்கள் பார்த்துக்கொண்டிருக்க, என் புருஷன் உயரம் எனக்குத் தெரியவில்லை. அழுகை வந்துவிட்டது. மரத்தூள் என்று சொல்லி முகத்தைத் துடைத்தேன். பாய் ரம்பத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஆட்களை டீ குடிக்க அனுப்பினார்.

மணி 3.40. அங்கே 2.10, வெள்ளிக்கிழமை, அவருக்கு லீவு. போன் போட்டேன்.

"மரம் எரிஞ்சிட்டுச்சுங்க" என்றேன். வேறெப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"எப்போ?"

"சித்திரையில."

"நேத்து நிழல்ல உக்காந்தேன்னியே."

"பொய் சொன்னேன்."

திட்டுவார் என்று பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நாலு மாசமா நீ ஒண்டியா இத வெச்சிக்கினு இருந்தியா?" என்றார். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். சோகை, கரி, பொந்து, ஆறடி நாலு அங்குலம், வேங்கைக் கட்டை, கடைசியாக அவர் உயரம் எனக்கு மறந்துபோனது வரைக்கும். இருடி என்று சொல்லிவிட்டுப் போனார். அறையில் இருக்கிற மலையாளிப் பையனை எழுப்பி, சுவரில் சாய்ந்து நின்று அளக்கச் சொன்ன சத்தம் கேட்டது.

"ஆறடி அரை அங்குலம்" என்றார். "வாசல் எவ்ளோனு சொன்ன?"

"அஞ்சடி பத்து."

"ரெண்டரை அங்குலம்தானே? குனிஞ்சி வரேன். நீ நம்ம மரத்துலயே வை."

4.30-க்கு மிச்சக் கட்டைகளும் அறுத்து முடிந்தன. அறுவைக் கூலி, செதுக்கிய கூலி சேர்த்து 3,100 ரூபாய். கிளைக் கட்டைகளில் இரண்டு ஜன்னல் சட்டம் தேறியது. பலகைகள் இப்போது பாய் மில்லின் ஷெட்டில் நிழலில் காய்கின்றன. கார்த்திகை கடைசியில் சேகர் வேலையைத் தொடங்குவார், தை முகூர்த்தத்தில் வாசக்காலை நிறுத்துவதாகப் பேச்சு.

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு: தீப்பட்ட மரத்தைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், அறுத்துப் பார்க்காமல் உள்ளே என்ன இருக்கிறதென்று யாராலும் சொல்ல முடியாது. கரியை மனையிலேயே செதுக்கிவிட்டுக் கொண்டுபோனால் மில்லில் கூலி மிச்சம். சொந்த மரம் என்பதற்கு விஏஓ-விடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள், என்னை யாரும் கேட்கவில்லை, ஆனால் கையில் இருந்தது தெம்பாக இருந்தது. தச்சரை மில்லுக்கு வரவழையுங்கள், வருவதற்கு முன்பே அவரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். வளர்பிறை பாருங்கள், ஆனால் பௌர்ணமிக்கு மூன்று நாள் முன்னாலேயே முடித்துக்கொள்ளுங்கள். பழைய சேலையோ சுடிதாரோ போட்டுக்கொண்டு போங்கள், கரி துவைத்தாலும் போகாது. வீட்டில் உயரமானவர் யாரோ, அவர் உயரத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள்.

குனிந்து வருகிறேன் என்று முரளி சொன்னாரே தவிர, எனக்கு அவரைத் தெரியும். வீடு முடிந்து குடிபோன முதல் நாள் ஞாபகமாகக் குனிவார். இரண்டாம் நாள் பல் தேய்த்துவிட்டு எதையோ பேசிக்கொண்டே வரும்போது மடேரென்று நெற்றியில் இடித்துக்கொண்டு, யார் வைத்த வாசல் இது என்று கத்துவார். என் வீட்டில் அந்தச் சத்தம் கேட்க வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவும்.