குரோகி சுமியே மாற்ற மறுத்த எண்

குரோகி சுமியே எங்கள் மருத்துவக் கல்லூரியின் விலங்குக்கூடத்தைப் பத்தொன்பது ஆண்டுகள் காத்தவர். ஜப்பானின் கியூஷூ தீவின் தென்கரையில் மீன் உலர்த்தும் குடும்பத்தில் பிறந்தவர். கூடத்துக்குத் துப்புரவுப் பணியாளராக வந்து அதன் பொறுப்பாளர் ஆனார். அவரைப் பற்றிக் கல்லூரியின் எந்த ஆண்டு மலரிலும் ஒரு வரி இல்லை. ஆகவே நான் எழுதுகிறேன். இங்கே சொல்லும் ஒவ்வொன்றுக்கும் என்னிடம் நகல் உண்டு.

என் பெயர் தொமாரி. அதே கல்லூரியின் அறுவைத் துறையில் ஆய்வக உதவியாளன். என் படிப்பு வணிகப் பள்ளியோடு முடிந்தது. குடுவை கழுவ வந்தவன், மதிய இடைவேளைகளில் கோழி இறக்கையின் ரத்தக்குழாய்களைத் தைத்துத் தைத்து நுண்ணறுவை கற்றேன். 1997இல் துறையின் எலி அறுவைகள் அனைத்தையும் செய்தவன் நானே.

அவ்வாண்டின் ஆய்வு இது. ஈரலுக்குப் போகும் ரத்தத்தை இடுக்கியால் நாற்பத்தைந்து நிமிடம் நிறுத்தி, பிறகு திறந்துவிட வேண்டும். ரத்தம் நின்றிருக்கும்போது நேர்வதைவிட, அது திரும்பி வந்தபின் நேரும் சேதமே பெரிது. நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுதான் அதற்குக் காரணம் என்று எங்கள் துறைப் பேராசிரியர் உறுதியாக நம்பினார். உடல் அதை உண்டாக்காதபடி தடுக்கும் மருந்தைக் கொடுத்தால் ஈரல் பிழைக்கும் என்றார். பன்னிரண்டு எலிகளுக்கு மருந்து இல்லை. பன்னிரண்டுக்குச் சிறிய அளவு. பன்னிரண்டுக்கு முழு அளவு.

சிறிய அளவில் சேதம் சற்றுக் குறைந்தது. முழு அளவில் நடந்ததை நான் கண்ணால் கண்டேன். இடுக்கியை எடுத்ததும் ஈரல் ஒரே சீராகச் சிவக்க வேண்டும். அந்தப் பன்னிரண்டிலும் திட்டுத்திட்டாக வெளுத்தே கிடந்தது. ஆறு மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்தில் ஈரல் சிதைவின் அளவு, மருந்தே பெறாத எலிகளைப்போல் இரு மடங்கு. காரணத்தை நூலகத்தில் தேடிப் படித்தேன். அவ்வாயு பெருமளவில் பொங்கினால்தான் நஞ்சு. குழாய்ச் சுவரிலிருந்து சிறிதளவு கசியும்போது, நுண்குழாய்களை நெகிழ்த்தித் திரும்பிவரும் ரத்தத்துக்கு வழிவிடுவதும் அதுவே. முழு அளவு மருந்து இரண்டையும் சேர்த்தே நிறுத்திவிட்டது.

கட்டுரை அச்சில் வந்தபோது அதில் இருபத்துநான்கு எலிகளே இருந்தன. மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்க விண்ணப்பமும் தயாராகிக்கொண்டிருந்தது. மீதி எலிகள் எங்கே என்று எழுத்தில் கேட்டேன். துணைப் பேராசிரியர் ஹமாஸுனா நடைபாதையில் வாய்மொழியாகப் பதில் தந்தார்.

"தொமாரி, அந்தப் பன்னெண்டும் மேஜையிலயே செத்துப்போச்சு. உன் கை நடுங்குது. அத வெளிய சொல்லாம உன்னக் காப்பாத்திக்கிட்டிருக்கோம், புரியுதா?"

கல்லூரியின் விசாரணைக் குழுவிடம் போனேன். என் குறிப்பேடுகள் குற்றம் சாட்டப்பட்டவனே எழுதியவை என்று குழு அவற்றை ஏற்கவில்லை. மார்ச்சில் என் ஒப்பந்தம் முடியவிருந்தது. என் கை நடுங்கவில்லை என்று காட்ட, மருத்துவர் ஒருவரின் முத்திரை பதிந்த தாள் வேண்டும்.

அறுவை முடிந்து திரும்பும் ஒவ்வோர் எலியையும் குரோகி தாமே வாங்கி, வெதுவெதுப்பான விரிப்பில் கிடத்தி, நேரத்தைப் பதிவேட்டில் எழுதுவார். மேஜையில் இறந்தவை வேறு பக்கத்தில் ஏறும். முத்திரையில்லாத பணியாளர் பதிவேடு என்று குழு அதையும் ஒதுக்கியிருந்தது. அக்டோபரில், கூடத்தின் முன்னுள்ள நினைவுக்கல்லின் எதிரே, ஆய்வுக்காக உயிர்விட்ட விலங்குகளுக்கு அஞ்சலி நடக்கும். துறைத் தலைவர்கள் தலைகுனிந்து நிற்க, துறைவாரியாக எண்ணிக்கையை அவர்தான் உரக்க வாசிப்பார்.

அஞ்சலிக்கு நான்கு நாள் முன்பு ஹமாஸுனா கூடத்துக்கு வந்தார். கூண்டு எடுக்கப் போன நான் தீவனச் சாக்குகளுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"குரோகி-சான், எங்க துறைக்கு முப்பத்தாறுன்னு போட்டிருக்கீங்க. இருபத்துநாலுன்னு திருத்திடுங்க. கட்டுரைல அப்படித்தான் இருக்கு."

"மிச்சம் பன்னெண்டு எங்க போச்சு, ஐயா? ஊருக்குப் போயிடுச்சா?"

"வெறும் நம்பர்தானே, விடுங்க."

"எனக்கு நம்பர் இல்ல. கையில வாங்கினது. அதுல ஒன்னு என் கட்டைவிரலக் கடிச்சு வச்சுது, தெரியுமா?"

"இப்ப திருத்துவீங்களா மாட்டீங்களா?"

"வாயால சொன்னா பேனாவத் தொட மாட்டேன். மாற்றச் சீட்டு எழுதி முத்திரை குத்திக் குடுங்க. எல்லாக் கட்டமும் நிரப்பணும்."

கையெழுத்துக்குப் பதிலான பெயர் முத்திரையைக் கேட்டால் எங்கள் அலுவலகங்களில் யாரும் யோசிப்பதில்லை. நாள்தோறும் முப்பது தாளில் குத்தும் கை முப்பத்தொன்றாவதிலும் குத்தும்.

"உயிர் போன விதம்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல என்ன எழுத?" என்றார் ஹமாஸுனா, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி.

"பதிவேட்டுல இருக்கறததான் எழுதணும். 'ஆறு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தபின்.' பன்னெண்டுக்கும் அதேதான்."

அப்படியே எழுதினார். சிவப்பு முத்திரை தெளிவாக விழுந்தது.

அஞ்சலி நாளில் வெள்ளைச் சாமந்தியும் ஒரு கிண்ணம் எலித்தீவனமும் கல்லின்முன் வைக்கப்பட்டன. குரோகி வாசித்தார்: "அறுவைத் துறை. எலிகள், முப்பத்தாறு."

"நான்தான் சீட்டு குடுத்தேனே!" என்று இரண்டாம் வரிசையிலிருந்து ஹமாஸுனா கத்திவிட்டார்.

"குடுத்தீங்க, பத்திரமா இருக்கு." குரோகி மேலங்கிப் பையிலிருந்து அதை எடுத்தார். "சீட்டு எழுதிக் குடுங்கன்னுதான் சொன்னேன். உசிர விட்டத விடலன்னு வாசிக்கிறேன்னு சொல்லல. விசாரணைக் குழுத் தலைவர் ஐயா முன்வரிசையிலதான் நிக்கறார். பன்னெண்டும் என்கிட்ட உசிரோட திரும்பி வந்துச்சுன்னு உங்க முத்திரையே சொல்லுது. காட்டட்டுமா?"

காட்டினார்.

நோயாளிகளுக்கான விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டது. கட்டுரை வந்த இதழில் மறு ஆண்டு திருத்தம் வந்தது: முழு அளவில் சேதம் மிகுந்தது, எலிகள் மொத்தம் முப்பத்தாறு. என் ஒப்பந்தம் நீண்டது. குரோகியை, அவர் உடல்நலம் கருதி என்று காரணம் சொல்லி, கார் நிறுத்துமிடத்தின் காவல் சாவடிக்கு மாற்றினார்கள். அந்த ஆணையின் நகலும் என்னிடம் இருக்கிறது.

இதழை எடுத்துக்கொண்டு சாவடிக்குப் போனேன்.

"எத்தன வரி?" என்றார்.

"ஆறு."

"பன்னெண்டு எலிக்கு ஆறு வரியா? கஞ்சப்பசங்க."

அந்த அக்டோபரில் புதிய பொறுப்பாளர் வாசித்தார். குரோகி சாவடியின் தடுப்புக்கம்பத்தைத் தூக்கிவிட்டு, யாரிடமும் கேட்காமல் நடந்துவந்து, துறைத் தலைவர்களின் முன்வரிசையில் நடுவில் நின்றார். பேராசிரியர் நகர்ந்து இடம்விட வேண்டியிருந்தது. ஒவ்வோர் எண்ணையும் குரோகி விரல்விட்டு எண்ணிக் கேட்டுக்கொண்டிருந்தார்.